பதினாறு வயதில் எழுதிய இரண்டு கடிதங்கள்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் நான் நிறைய மாட்டிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகப் பேசுகிறாளே, சமாதானமாகிவிட்டாள் போல என்று நினைத்து வாயைத் திறப்பேன். அப்புறம் இரண்டு நாளைக்கு நானும் வீட்டுச் சுவரும்தான் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். இருபத்தாறு வருஷமாக. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக், கதவு, பின்விளக்கு எல்லாவற்றையும் தானே பார்ப்பாள். பணிமனைக்காரர், “எல்லாம் பார்த்தாச்சுங்க, கையெழுத்து மட்டும் போடுங்க” என்று தாளை நீட்டினால், “நீங்க பார்த்தீங்க, சரி. நான் இன்னும் பார்க்கலையே” என்பாள். அங்கே அவளுக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். ‘சட்டம் வருது, விலகு’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும்.

இப்படி இருப்பவள் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தில் என்ன செய்தாள் என்பதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். வருஷம் ஆக ஆக மற்றவர்களுக்குக் கதை கொஞ்சம் கொழுக்கும், கொஞ்சம் இளைக்கும். இவளுக்கு ஒரு சொல் மாறாது.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். வீடு என்பது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் ஒட்டும் பசையின் நெடி வரும். அப்பா லாரி டிரைவர். முதுகுத்தண்டில் ஏதோ பிசகி, முந்தின வருஷம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். அந்த ஒரு வருஷமும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவள் மாமா, அம்மாவுக்கு நேர் மூத்த அண்ணன். அதனால் அந்த வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டால், அப்பா வலியோடு எழுந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஒரே நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளிவிடுவார்.

மாமா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் சூப்பர்வைசர். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் சில ஓட்டல்களுக்கும் அங்கேதான் துணி வெளுத்தார்கள். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “சும்மாதானே இருக்கா? ரிசல்ட் வர்ற வரைக்கும் என்கூட அனுப்பு” என்றார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் வாயிலிருந்து வந்தால் எதுவுமே உதவிதான் அவருக்கு.

மாமாவே விண்ணப்பத்தையும் கொண்டுவந்திருந்தார். வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று போட்டார்.

“எனக்குப் பதினாறுதானே மாமா?”

“ரெண்டு வயசு கூடினா ஒண்ணும் கிழவி ஆயிட மாட்டே.”

எல்லோரும் சிரித்தார்கள். “நானும் சிரிச்சேன்” என்பாள் என் மனைவி. அவள் குரல் முதலில் தாழும் இடம் அதுதான்.

சலவைக் கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். முன்பக்கம் துவைக்கும் இயந்திரங்கள். நடுவில் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும் இயந்திரங்கள். கடைசியில் விரிப்புகளை இஸ்திரி போடும் இயந்திரம். எல்லோரும் அதை ‘உருளை’ என்பார்கள். ஒரு கட்டில் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், உள்ளே நீராவி ஓடும். முன்னால் இரண்டு பேர் நின்று ஈர விரிப்பின் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து, ஒரு உதறு உதறி, சுருக்கமில்லாமல் நீவி உள்ளே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். தரை எப்போதும் ஈரம். வெளுப்புப் பொடியின் காரம் மூக்கிலேயே தங்கிவிடும். முதல் வாரத்திலேயே அவள் முன்கைகளில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிட்டன.

அவளோடு ஜோடியாக நின்றவளை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இவளுக்கு விசிலக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். உதறுவதற்கும் நீவுவதற்கும் தாளம் பிசகாமல் இருக்க நாள் முழுக்க மெல்லிதாக விசில் அடித்துக்கொண்டே இருப்பாள். ஓட்டல் விரிப்பு வந்தால் வேகமான மெட்டு, ஆஸ்பத்திரி விரிப்பு வந்தால் நிதானமான மெட்டு. “பாவம், நோயாளிங்க. அவங்களை ஏன் அவசரப்படுத்தணும்?” என்பாள். அந்த விசில் இல்லாவிட்டால் தனக்கு அந்த வேலை ஒரு வாரத்தில் அலுத்திருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

உருளைக்கு முன்னால், கை படும் உயரத்தில், குறுக்காக ஒரு மஞ்சள் கம்பி இருந்தது. தவறிப்போய்க் கை உள்ளே போகிற மாதிரி இருந்தால் முதலில் அந்தக் கம்பிதான் இடிபடும். இடிபட்டதும் உருளை நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மாமா அதைக் காட்டி, “ஏதாவதுன்னா இதை ஒரு தட்டு தட்டு, போதும்” என்று சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் ஈர விரிப்பின் கனத்துக்குக் கூட அந்தக் கம்பி அசைந்துவிடும். ஒரு தடவை நின்றால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். சுவரில் ஒரு கரும்பலகை. ஒரு மணிக்கு எத்தனை விரிப்பு ஆக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது.

அவள் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் பார்த்தால் மஞ்சள் கம்பி அசையாதபடி இரண்டு முனையிலும் கட்டுக்கம்பி சுற்றி முறுக்கியிருந்தது.

“யாருக்கா கட்டினது?”

“உங்க மாமாதான். நேத்து நாம போன பிறகு” என்றாள் விசிலக்கா. “கேட்டேன். பார்த்து வேலை செய்றவளுக்கு இது எதுக்குன்னாரு.”

அதற்கப்புறம் உருளை ஒரு தடவைகூட நிற்கவில்லை. கரும்பலகையில் எண் இன்னும் கொஞ்சம் ஏறியது.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், தேநீர் இடைவேளை முடிந்து அரைமணி இருக்கும். ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்று வந்தது. ஓரம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. அதை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஒதுக்கினால் எண் குறையும். விசிலக்கா கிழிந்த பக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். விரிப்பை உருளை இழுத்தபோது அந்த நார் அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது.

என் மனைவிக்கு முதலில் தெரிந்தது விசில் நின்றதுதான். திரும்பிப் பார்த்தால் விசிலக்காவின் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. இவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். மஞ்சள் கம்பியைத் தட்டினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இடித்தாள். முழங்கையால் இடித்தாள். அப்புறம்தான் கட்டுக்கம்பி ஞாபகத்துக்கு வந்தது. உருளையைச் சுற்றிக்கொண்டு ஓடி, ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, அந்தப் பக்கம் மடிக்கிறவர்கள் என்னவென்று புரிந்து அசைவதற்குள் அங்கிருந்த நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

“எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

“கம்பி வேலை செஞ்சிருந்தா ஆகியிருக்கவே ஆகாத நேரம்” என்றாள். 

விசிலக்காவை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வேன் வாசலைத் தாண்டுவதற்குள் மாமா கட்டிங் பிளேயரோடு உருளைக்கு வந்துவிட்டார். இரண்டு முனையிலும் கட்டுக்கம்பியை வெட்டி, சுருட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தரையில் உட்கார்ந்திருந்த மருமகளை அப்போதுதான் பார்த்தார். “எழுந்திரு. போய் முகத்தைக் கழுவு” என்றார். பிளேயர் இரண்டு தடவை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது என்பதையும் என் மனைவி மறைக்காமல் சொல்வாள். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும் அவளுக்கு.

மறுநாள் காலையில் மாமா அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஏற்கெனவே மூன்று தாள்கள் இருந்தன. மடிக்கிறவர்கள் இரண்டு பேர், துணி வண்டி தள்ளுகிறவர் ஒருவர். மூன்றிலும் கையெழுத்து. நாலாவதாக ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

“தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ்லேருந்து வருவாங்க. பக்கத்துல இருந்து பார்த்தவ நீ. நான் சொல்லச் சொல்ல எழுது.”

அவள் எழுத ஆரம்பித்தாள். ‘எனக்கு வயது பதினெட்டு. சம்பவத்தன்று என்னுடன் வேலை செய்தவர், வழக்கம்போல் விசில் அடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும், வேலையில் கவனம் இல்லாமல்…’

பேனாவை வைத்துவிட்டாள். “கம்பி கட்டியிருந்துச்சே மாமா.”

மாமா எழுந்து கதவைச் சாத்தினார். “கட்டியிருந்துச்சுன்னு எழுதினா யார் மாட்டுவா? நான் மாட்டுவேன். எனக்கு வேலை போனா உங்க வீட்டு அடுப்பு எரியுமா? உங்கப்பா எழுந்து லாரி ஓட்டப் போறாரா?”

“அவங்க அப்படி ஒண்ணும் பண்ணலையே.”

“இது வெறும் காகிதம்மா. முதலாளி அவளைக் கைவிட மாட்டார். எங்கிட்டச் சொல்லியிருக்கார். இது ஆபீஸுக்காக எழுதறது.”

எழுதினாள். அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து, இப்போதும் அப்படித்தான். மாமா தாளைத் தூக்கிப் பார்த்து, “அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்று பாராட்டினார்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். சலவைக் கூடத்துக்குத் துணி அனுப்பும் அதே ஆஸ்பத்திரிதான். கட்டிலில் கிடந்த விரிப்பைப் பார்த்ததும் இது நம் கையால் போனது என்று தெரிந்துவிட்டதாம். விசிலக்காவுக்கு மூன்று விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளியின் ஆள் ஒருவர் முந்தின நாள் வந்து நான்கு கடிதங்களையும் படித்துக் காட்டியிருக்கிறார். உன் கவனக்குறைவால் நடந்தது, அதனால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை, புகார் கிகார் என்று போனால் இந்த நான்கு பேரும் சாட்சி சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்ற தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

விசிலக்கா திட்டவில்லை. “உன்னுது ரொம்ப அழகா எழுதியிருந்துச்சு” என்றாள். அப்புறம், “நான் விசில் அடிச்சதாலயா கை போச்சு?” என்று கேட்டாள்.

என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தாளாம். மாமா மேல் கோபம், முதலாளி மேல் கோபம், கையெழுத்துப் போட்ட மற்ற மூன்று பேர் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே தன் வலது கை மேல் கோபம். எதிரில் வந்த சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்ததற்குக்கூட நின்று சண்டை போட்டிருக்கிறாள். “அந்த ஆள் பாவம், என்ன ஏதுன்னு தெரியாம முழிச்சாரு” என்று அவளே சொல்வாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், என் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள்.

“உனக்கு என்ன பைத்தியமா? அண்ணன் இல்லைன்னா இந்த ஒரு வருஷம் நாம தெருவுலதான் நின்னிருப்போம். சோறு போட்டவர் தலையில மண்ணள்ளிப் போடப் போறியா?”

“அவன் கம்பியைக் கட்டினான்மா. அவனே வெட்டி எடுத்ததை நான் பார்த்தேன்.”

மாமாவை அவள் ‘அவன்’ என்றது அன்றுதான் முதல் தடவை. அம்மா அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, மெல்லச் சொன்னார்: “என் லாரிப் பெட்டியில இன்னொரு சாவி இருக்கு.”

மறுநாள் காலை சலவைக் கூடத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் எதிர்ப்பக்கம் நின்று வேறு பஸ் பிடித்தாள். ஆய்வாளர் அலுவலகம் மூன்றாவது மாடி. அங்கே இருந்த அதிகாரிக்கு ஓய்வு பெறுகிற வயது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் கோப்பிலிருந்து பழைய கடிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் உன் கையெழுத்துதான். ஒண்ணுல அந்தம்மா தப்புங்கறே. இன்னொண்ணுல கம்பி கட்டியிருந்துச்சுங்கறே. இதுல எதைம்மா நான் நம்பறது?”

அவள் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தாள். வழியெல்லாம் பஸ்ஸில் அதையேதான் யோசித்திருக்கிறாள். சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“முதல் கடிதத்துல முதல் வரியைப் படிங்க சார். வயசு பதினெட்டுன்னு இருக்கு. இதுல பிறந்த தேதி இருக்கு. எனக்குப் பதினாறு. முதல் வரியே அவர் சொல்லி எழுதின பொய். மீதி மட்டும் எப்படி சார் உண்மையா இருக்கும்?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “பதினாறு வயசுப் பொண்ணை அந்த மெஷின் முன்னால நிறுத்தினாங்களா?” என்றார். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டாராம்.

மறுநாள், வருகிறோம் என்று சொல்லாமலேயே அலுவலகத்து ஆட்கள் சலவைக் கூடத்தில் போய் நின்றார்கள். மஞ்சள் கம்பியின் இரண்டு முனையிலும் கட்டுக்கம்பி உராய்ந்த இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிந்தது. மாமா அதைத் துடைத்து வைத்திருந்தார், பெயிண்ட் அடிக்க மறந்துவிட்டார். வேலையாட்கள் பதிவேட்டில் அவள் வயதையும் பார்த்தார்கள். மடிக்கிறவர்களைத் தனியாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

இங்கே கதை முடிந்தால் நன்றாக இருக்கும். என் மனைவியின் கோபம் இங்கேதான் இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பும்.

முதலாளி ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் தன்னிச்சையாகச் செய்தது, என் கவனத்துக்கு வரவில்லை என்று. மாமாவை அன்றே வேலையிலிருந்து எடுத்தார். கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். விசிலக்காவுக்கு நஷ்டஈடு கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சலவைக் கூடத்து வாசலில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று பெரிய பலகை மாட்டினார்கள். உள்ளே கரும்பலகையில் எண் மட்டும் அப்படியே இருந்தது.

“அந்த எண்ணை எழுதினது யாரு? தினமும் வந்து பார்த்துட்டுப் போனது யாரு? உருளை ஏன் இப்பல்லாம் நிக்கறதே இல்லைன்னு அந்தாளு ஒரு தடவையாவது கேட்டாரா?” என்பாள். என்னைப் பார்த்துத்தான் கேட்பாள். ஏதோ நான்தான் அந்த முதலாளி என்பது போல. நானும் தலையைக் குனிந்துகொள்வேன்.

அம்மா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. தட்டைத் தரையில் வைக்கிற சத்தத்திலேயே சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். மாமா அதற்கப்புறம் அந்த மாடிப்படி ஏறவே இல்லை. ஏதோ ஒரு கிடங்கில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். அப்பா அடுத்த வருஷம் மெல்ல எழுந்து, கீழே சைக்கிள் கடையிலேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தார்.

விசிலக்கா ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். கீழேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள். இவள் இறங்கிப் போனாள்.

“நன்றி சொல்ல வரலை” என்றாள் விசிலக்கா. “முதல் தடவையே இப்படி எழுதியிருக்கலாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

“ஆமாங்க்கா” என்றாள் இவள்.

அவ்வளவுதான். விசிலக்கா போய்விட்டாள். அந்த ஒரு வருஷத்தில் தன்னிடம் யாரும் நேராகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள். கோபமில்லாமல் அவள் சொல்கிற ஒரே பகுதியும் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா படுக்கையில் விழுந்தார். “ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா. எனக்காக” என்று என் மாமியார் கெஞ்சினார். நானும் கூடப் போனேன். ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் கட்டில். அத்தை எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். மாமா தலையணையில் சற்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“கட்டச் சொன்னது முதலாளிதான். வாயால சொன்னார். எழுதிக் கொடுக்கலை” என்றார். முப்பத்தைந்து வருஷமாக அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்திருப்பார் போல.

“அன்னைக்கே ஆபீஸர்கிட்ட அதைச் சொல்லியிருக்கலாமே?”

“நான் சொன்னா யார் நம்பியிருப்பா?”

“நான் சொன்னதை நம்பினாங்க. எனக்குப் பதினாறு வயசு.”

மாமா போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். அப்புறம், “இன்னும் என்மேல கோபமா உனக்கு?” என்று கேட்டார்.

“ஆமா மாமா.”

அத்தை சங்கடத்தோடு தேநீர் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி அதை முழுக்கக் குடித்தாள். தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அத்தைக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். அப்புறம் கிளம்பினோம்.

படியிறங்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். “படுத்த படுக்கையா இருக்கிற மனுஷன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எதுக்கு? இன்னொரு பொய் எழுதித் தரவா?” என்றாள்.

மாமா அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார். அவள் மறுபடி போகவில்லை. நான் மட்டும் இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய லாரிகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.